முடி சாய்த்த லிங்கமும் முகம் மாறும் பக்கமும்

இணையத்தில் ஒரு பக்கம் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும்போது படமாகப் போவதில்லை. எழுத்தும், எழுத்துக்கு நடுவே 'இது தலைப்பு', 'இது பத்தி', 'இங்கே பட்டியல்' என்று சொல்லும் குறிகளுமாகப் போகிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் இருக்கும் உலாவி அந்தக் குறிகளைப் படித்து, தன்னிடம் உள்ள எழுத்துருவைக் கொண்டு, தன் திரையின் அகலத்துக்கு ஏற்பப் பக்கத்தைக் கட்டி எழுப்புகிறது. ஆகவே ஒரே கோப்பு வேலூர் பிரவுசிங் சென்டரில் ஒரு விதமாகவும், ஆம்பூர்த் தோல் வாங்கும் வெளிநாட்டு வியாபாரியின் சஃபாரியில் வேறு விதமாகவும், விலை குறைந்த கைபேசியில் மூன்றாவது விதமாகவும் தெரியலாம். பொத்தான் ஒரு வரி கீழே இறங்கிவிடும். வலப்பக்கத்துப் பத்தி இடப்பக்கத்தின் அடியில் போய் விழும். எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் நிற்கும். வடிவமைப்பாளர் இதைக் 'கம்பாட்டிபிலிட்டி பிரச்சினை' என்பார். பயன்படுத்துபவர் 'சைட் ஓப்பன் ஆகலை' என்பார்.

இரண்டு பேச்சுக்கும் அடியில் பழைய கேள்வி ஒன்று கிடக்கிறது. பார்க்கும் இடந்தோறும் வேறாகத் தெரியும் பொருளுக்குத் தனக்கென்று ஒரு வடிவம் உண்டா? உண்டென்றால் அதைப் பார்த்தவர் யார்?

வடிவமைப்பாளரைக் கேட்டால், தன் மேசைக் கணினியில் தெரிந்ததே உண்மையான பக்கம், மற்றவை அதன் திரிபு என்பார். ஆனால் அவர் பார்த்ததும் ஓர் உலாவி காட்டியதுதான். நிரல் எழுதுபவர் மூலக் கோப்பே பக்கம் என்பார். மூலக் கோப்பைத் திறந்து பார்த்தாலும் ஏதோ ஓர் எழுத்துருவில், ஏதோ ஒரு மென்பொருள் காட்டித்தான் பார்க்க முடிகிறது. அவரவர்க்குத் தெரிவதே அவரவர் பக்கம் என்று மூன்றாமவர் சொல்லலாம். அப்படியானால் 'பக்கம் பழுதாகத் தெரிகிறது' என்று புகார் சொல்ல யாருக்கும் இடமில்லை. படிவத்தின் கடைசிப் பொத்தான் திரைக்கு வெளியே போய்விட்டவர் இதை ஒப்பமாட்டார்.

சைவ சித்தாந்தம் இறைவனின் நிலையை அருவம், உருவம், அருவுருவம் என மூன்றாக வகுக்கிறது. சிவலிங்கம் அருவுருவம்: உருவம் உண்டு, அவயவம் இல்லை. எச்டிஎம்எல் என்ற குறிமொழியில் எழுதிய கோப்பை வைக்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. தலைப்பு எது, பத்தி எது, இணைப்பு எது என்ற அளவுக்கு அதற்கு உருவம் உண்டு. தலைப்பு எத்தனை பெரியது, என்ன நிறம், எந்த மூலையில் என்பதெல்லாம் பார்க்கும் இடத்தில் சேர்பவை. 1994இல் ஹோகன் வியூம் லீ முன்மொழிந்து 1996 டிசம்பரில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி வெளியிட்ட சிஎஸ்எஸ் என்ற நடைத்தாள் மொழி இந்தப் பிரிவினையைத் தெளிவாக்கியது. கோப்பில் பொருள் இருக்கும். நடைத்தாளில் அலங்காரம் இருக்கும். அலங்காரத்தை எழுதியவர், படிப்பவர், உலாவி ஆகிய மூவருமே சொல்லலாம் என்பது அதன் தொடக்கக் கருத்து. ஒப்புமையை இதற்கு மேல் இழுப்பது தகாது. கோப்பு யாருக்கும் அருள் புரிவதில்லை.

ஒரு மூலம் பல தோற்றம் கொள்வதை நெருங்கிப் பார்த்தவர் ஒருவர் வேலூர் வட்டாரத்து மண்ணிலேயே இருந்தார். ஆரணிக்கு அருகே அடையபலத்தில் பிறந்த அப்பய்ய தீட்சிதர் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். வேலூர் சின்ன பொம்ம நாயக்கரின் ஆதரவு பெற்றவர். அவர் தாம் எழுதிய சிவார்க்கமணி தீபிகையை 500 பேருக்குக் கற்பித்ததையும், நாயக்கர் அவருக்குப் பொன்னால் அபிஷேகம் செய்ததையும் அடையபலம் கோயிலின் 1582ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. வேலூருக்கு மேற்கே பாலாற்றங்கரையில் இருக்கும் விரிஞ்சிபுரத்து மார்க்கபந்தீஸ்வரர் மேல் மார்க்கபந்து தோத்திரம் பாடியவரும் அவரே.

வேதாந்தத்தின் மூலநூலான பிரம்ம சூத்திரம் சுருக்கத்திலும் சுருக்கமானது. பல சூத்திரங்களில் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் இல்லை. எழுவாய் எங்கே, யார் கட்சியைச் சொல்கிறது என்பதுகூட உரை சேர்ந்தால்தான் தெரியும். சங்கரர் கணக்கில் 555 சூத்திரங்கள், இராமானுசர் கணக்கில் 545. எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதிலேயே கருத்து ஒன்றவில்லை. அப்பய்யர் இதே சூத்திரத்தை நான்கு மதங்களின் வழி நான்கு முறை விளக்கி எழுதினார்: மத்வருக்கு நியாயமுக்தாவளி, இராமானுசருக்கு நயமயூகமாலிகை, ஸ்ரீகண்டருக்கு நயமணிமாலை, சங்கரருக்கு நயமஞ்சரி. நான்கும் சேர்ந்து சதுர்மதசாரம். ஒவ்வொன்றிலும் அந்தந்த மதத்தாரே எழுதியது போன்ற நேர்மை உண்டு என்பர். இத்தனைக்கும் மத்வ மதத்தைக் கடுமையாக மறுத்துத் தனி நூல் எழுதியவர் அவர். உள்ளதை உள்ளபடி காட்டுவது வேறு, ஒப்புக்கொள்வது வேறு என்பதை அவர் அறிந்திருந்தார். நான்கு உலாவிகளையும் திறந்து வைத்துக்கொண்டு, தனக்குப் பிடிக்காத ஒன்றிலும் பக்கம் சரியாக நிற்கிறதா என்று சோதிக்கும் வடிவமைப்பாளருக்கு வேண்டிய மனநிலை ஏறக்குறைய அதுதான்.

உலாவிகளும் நெடுங்காலம் உரையாசிரியர்கள் போலவே நடந்தன. சிஎஸ்எஸ்ஸில் ஒரு பெட்டியின் அகலம் 300 என்று எழுதப்பட்டிருக்கிறது. உள்ளே இருபுறமும் 20 இடைவெளி, கரை இருபுறமும் 5. அகலம் என்றது எதை? உள்ளடக்கத்தை மட்டும் என்றது டபிள்யூ3சி; பெட்டி மொத்தம் 350 ஆகும். கரை உட்பட எல்லாவற்றையும் என்றது இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5. மொத்தம் 300, உள்ளடக்கத்துக்கு 250 மட்டும். 50 புள்ளி வித்தியாசத்தில் இரண்டு பத்திகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்க முடியாமல் ஒன்று கீழே விழுந்தது. தவறு யாருடையது என்று அந்த நாளில் எல்லாரும் எக்ஸ்புளோரரைக் கைகாட்டினார்கள். பின்னாளில் சிஎஸ்எஸ்ஸே எக்ஸ்புளோரர் எண்ணிய முறையையும் ஒரு தெரிவாக ஏற்றுக்கொண்டது. இன்றைய வடிவமைப்பாளர் பலர் நடைத்தாளின் முதல் வரியில் அதையே எழுதுகிறார்கள். தோற்ற கட்சி சித்தாந்தமாகிவிடுவது தத்துவ வரலாற்றிலும் நடப்பதுதான்.

ஆம்பூரில் ஷூ தைப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல. ஆங்கில அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர் இடைவெளி. ஐரோப்பிய அளவில் ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. இரண்டும் ஷூவைக் கட்டும் 'லாஸ்ட்' என்ற கால் அச்சின் நீளத்தை அளப்பவை. ஒன்றை இன்னொன்றாக மாற்றும்போது பின்னம் மிஞ்சும், பட்டியலுக்குப் பட்டியல் அரை எண் தள்ளிப்போகும். மான்டோபாயின்ட் என்ற முறை லாஸ்ட்டை விட்டுவிட்டுப் போடுபவரின் காலையே மில்லிமீட்டரில் அளக்கிறது. கால் மாறவில்லை, அதற்கு இட்ட எண்கள்தான் சண்டை போட்டன.

இதுவரை சொன்ன வேறுபாடுகள் பொறுக்கத்தக்கவை. பத்தி கீழே விழுந்தாலும் படிக்கலாம். தமிழ்ப் பக்கங்கள் பட்ட பாடு வேறு வகை. 1990களின் கடைசியில் ஒவ்வொரு பத்திரிகையும் தன் எழுத்துருவைத் தன் மனம்போன குறியேற்றத்தில் அமைத்துக்கொண்டது. அந்த எழுத்துருவை இறக்கி நிறுவாதவருக்குப் பக்கம் முழுவதும் ஐரோப்பிய எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டில் டாம், டாப் என்ற இரு குறியேற்றங்கள் வந்தன. மடற்குழுக்களில் வளர்ந்த திஸ்கி தனியே நடந்தது. தரம் ஒன்று வேண்டும் என்று கூடியவர்கள் மூன்று தரத்தோடு கலைந்தார்கள்.

எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியேற்றமான ஒருங்குறி 1991 முதலே தமிழுக்கு இடம் வைத்திருந்தது. அதிலும் ஒரு முடிச்சு. 'கொ' என்று எழுதும்போது கண்ணுக்கு முதலில் தெரிவது ஒற்றைக்கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். பழைய எழுத்துருக்கள் கண்ணில் தெரிந்த வரிசையிலேயே மூன்றையும் அடுக்கின. ஒருங்குறி உச்சரிக்கும் வரிசையில் சேமிக்கிறது: முதலில் க, பிறகு ஒகரக் குறி. அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து ககரத்தின் இருபுறமும் நிறுத்துவது திரையில் எழுத்தை வரையும் இயந்திரத்தின் வேலை. அந்த வேலை தெரியாத இயந்திரத்தில் கொம்பு இடம் மாறி, துணையின்றி ஒரு புள்ளி வட்டத்தைத் தழுவிக்கொண்டு நிற்கும். 2008இல் வந்த மூன்றாம் பதிப்புக்கு முன் பயர்பாக்ஸில், இருபுறமும் சீராக ஒழுங்குசெய்த தமிழ்ப் பத்திகள் கொம்பும் காலும் தனித்தனியே உடைந்து சிதறின. தமிழில் எழுதியவர்கள் ஒருவருக்கொருவர் 'ஜஸ்டிஃபை பண்ணாதீங்க' என்று சொல்லிக்கொண்ட காலம் அது. 2010 ஜூனில் தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ்16 என்ற இன்னொரு குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது.

கைபேசியில் தமிழ் எழுத்துரு இல்லாத ஆண்டுகளில் ஒரு வினோதமான வழி இருந்தது. ஓப்பெரா மினி பக்கத்தைத் தன் சர்வரிலேயே கட்டி முடித்துச் சுருக்கி அனுப்பும் உலாவி. அதன் மறைவான அமைப்புப் பக்கத்தைத் திறந்து, சிக்கலான வரிவடிவங்களுக்குப் பிட்மேப் எழுத்துரு என்ற இடத்தில் 'ஆம்' என்று மாற்றினால், தமிழ்ச் சொற்கள் எழுத்தாக வராமல் படமாக வரும். கட்டம் கட்டமாகத் தெரிந்த பக்கம் திடீரென்று தமிழாகும். மங்கலான, சற்றே நசுங்கிய தமிழ். அதை வெட்டி ஒட்ட முடியாது, அதற்குள் தேட முடியாது, படிக்க முடியும். எழுத்தின் உயிர் போய் உருவம் மட்டும் வந்து சேர்ந்த அந்தப் பக்கத்துக்காக நன்றி சொன்னவர்கள் ஏராளம்.

ஆக வேற்றுமை ஒன்று, பழுது வேறொன்று. கோடு எங்கே விழுகிறது? சமணத் தருக்கத்தில் இதற்குக் கூர்மையான விடை உண்டு. பொருள் பல தன்மைகளை உடையது. ஒரு கோணத்தில் நின்று ஒரு தன்மையைச் சொல்வது நயம். மற்றக் கோணங்களே பொய் என்று மறுக்கும்போது அதே கூற்று துர்நயமாகிவிடுகிறது. பாலாற்றுக்கு வடக்கே வள்ளிமலையில் பாறையில் அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரர் சிற்பங்கள் அந்த மரபு இங்கே வேரூன்றி இருந்ததற்குச் சான்று. இரண்டு உலாவிகள் ஒரு பக்கத்தை இரு விதமாகக் காட்டுவது நயம். 'இத்தளத்தை இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே காணவும்' என்று பக்கத்தின் அடியில் எழுதி வைப்பது துர்நயம்.

அந்த அறிவிப்புக்கு இந்தியாவில் நீண்ட ஆயுள் இருந்தது. எக்ஸ்புளோரரின் ஆறாம் பதிப்பு 2001இல் வந்து உலகத்தின் பத்துக் கணினிகளில் ஏறக்குறைய ஒன்பதில் உட்கார்ந்துகொண்டபின், மற்றவை இருப்பதையே தளம் செய்தவர்கள் மறந்தார்கள். ஏற்றுமதி செய்பவருக்கும் வரி கட்டுபவருக்கும் மின்னணுக் கையொப்பம் வேண்டியிருந்தது. கையொப்பம் இருக்கும் டோக்கனைப் படிக்க, எக்ஸ்புளோரரில் மட்டும் ஓடும் ஆக்டிவ்எக்ஸ் அல்லது ஜாவா பிளக்-இன் வேண்டியிருந்தது. 2015 செப்டம்பரில் குரோம் ஜாவா பிளக்-இன்னுக்கு இடமளிப்பதை நிறுத்தியது. கையொப்பத்துக்கென்றே பழைய விண்டோஸும் பழைய எக்ஸ்புளோரருமாக ஒரு கணினியைத் தொடாமல் வைத்திருப்பது பல அலுவலகங்களில் வழக்கமாயிற்று. 'அந்த சிஸ்டத்தை அப்டேட் பண்ணிடாதீங்க' என்பது அங்கே பெருங்கட்டளை. தென்கொரியாவில் நிலை இன்னும் முற்றியது. 1990களின் இறுதியில் அந்நாட்டு அரசு வகுத்த குறியாக்கமும் சான்றிதழும் ஆக்டிவ்எக்ஸ் வழியே நடந்ததால், வங்கிக்கும் கடைக்கும் எக்ஸ்புளோரரே ஒரே வாசல். அந்தச் சான்றிதழின் தனியுரிமை 2020 டிசம்பரில்தான் ஒழிந்தது. எக்ஸ்புளோரரை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூனில் மூடியது.

வாசலில் நின்று பெயர் கேட்பதால் விளைந்த வேடிக்கையும் உண்டு. நெட்ஸ்கேப் என்ற பழைய உலாவியின் உள்பெயர் மொசில்லா. நல்ல பக்கத்தை மொசில்லாவுக்கு மட்டும் கொடுக்கும்படி பல தளங்கள் எழுதப்பட்டதால், எக்ஸ்புளோரரும் தன்னை மொசில்லா என்றே அறிமுகம் செய்துகொண்டது. இன்று குரோம் ஒரு தளத்தின் கதவைத் தட்டும்போது மொசில்லா, ஆப்பிள் வெப்கிட், கெக்கோ போன்றது, சஃபாரி என்று நாலு குலத்தின் பெயரோடும் சேர்த்துத்தான் தன் பெயரைச் சொல்கிறது. 'நீ யார்' என்று கேட்டால் பொய்தான் வரும். 'உனக்கு இது செய்ய வருமா' என்று கேட்பதே முறை என்பதை வடிவமைப்பாளர்கள் மெல்லக் கற்றார்கள். பிறப்பைக் கேட்டு வாசலில் நிறுத்திப் பழகிய நாட்டில் இதை விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை.

அடுத்த கேள்வி, பக்கமும் உலாவியும் ஒத்துவராதபோது யார் வளைவது என்பது. விரிஞ்சிபுரத்துத் தலபுராணம் முழுவதும் இந்தக் கேள்விதான். விரிஞ்சன் என்றால் பிரம்மன். அண்ணாமலையில் சிவனின் முடியைத் தேடிக் காணாமல் தோற்ற பிரம்மன், இந்த ஊரில் கோயில் குருக்கள் வீட்டில் சிவசர்மன் என்ற பிள்ளையாகப் பிறக்கிறான். தந்தை இறந்துவிட, பூசை உரிமையைப் பங்காளிகள் பறிக்கப் பார்க்கிறார்கள். சிறுவனே பூசை செய்ய வருகிறான். லிங்கம் உயரம்; கை எட்டவில்லை. லிங்கம் தன் முடியை ஒருபக்கம் சாய்த்துக் கொடுக்கிறது. இன்றும் மூலவர் சற்றே சாய்ந்த நிலையில்தான் இருக்கிறார். தேடிப் போனபோது காட்டாத முடியை, எட்டாதபோது இறக்கிக் கொடுத்தார் என்பதுதான் கதையின் நுட்பம். ஏணி கொண்டு வா, வளர்ந்தபின் வா என்று சிறுவனிடம் சொல்லவில்லை.

இணையத்தில் இதற்கு நேரான விதி 1980இல் ஜான் போஸ்டல் எழுதியது: அனுப்பும்போது கண்டிப்பாக இரு, வாங்கும்போது தாராளமாக இரு. உலாவிகள் இரண்டாம் பாதியை மனமாரக் கடைப்பிடித்தன. குறியை மூட மறந்தாலும், வரிசை மாற்றி மூடினாலும், உலாவி ஊகித்துப் பக்கத்தைக் காட்டிவிடும். அதனால்தான் கணினி படிக்காதவர்களும் பக்கம் எழுதினார்கள். தீமையும் அதிலிருந்தே வந்தது. ஒவ்வோர் உலாவியும் தன் தன் வழியில் ஊகித்தது. பிழை திருத்தப்படாமல் பரவியது. ஓர் உலாவியின் ஊகத்தை நம்பி எழுதிய பக்கம் மற்றதில் சிதறியது. இதை வெட்ட வந்த எக்ஸ்எச்டிஎம்எல் ஒரு குறி தவறினாலும் பக்கத்தையே காட்டாமல் பிழைச்செய்தி காட்டச் சொன்னது. தவறு செய்தவர் எழுத்தாளர், தண்டனை வாசகருக்கு. அது நிலைக்கவில்லை; நிலைத்திருக்கவும் கூடாது. 2004இல் உலாவி செய்பவர்கள் கூடித் தொடங்கிய வாட்விஜி குழு வேறு வழி கண்டது. பிழையைத் தடுக்கவில்லை, பிழையை எல்லாரும் ஒரே விதமாகப் பொறுக்க வேண்டும் என்று, பொறுக்கும் முறையையே வரிவரியாக எழுதியது. 2014 அக்டோபரில் எச்டிஎம்எல் 5 டபிள்யூ3சியின் பரிந்துரை ஆயிற்று.

பரிந்துரை என்ற சொல் கவனிக்கத் தக்கது. டபிள்யூ3சி ஆணையிடுவதில்லை. இதற்கு எதிர்முனையில் இருக்கும் உடன்படிக்கை ஒன்று விரிஞ்சிபுரம் கோயிலிலேயே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. சக ஆண்டு 1347, அதாவது பொது ஆண்டு 1426; விஜயநகரத்து தேவராயர் காலம். படைவீட்டு இராச்சியத்தில் வாழ்ந்த கன்னட, தமிழ், தெலுங்கு, லாட தேசத்துப் பிராமணர்கள் கூடி, இனித் திருமணத்தைக் கன்னிகாதானமாகவே செய்வது, பெண்ணுக்குப் பொன் வாங்குவதும் கொடுப்பதும் கூடாது, மீறினால் அரச தண்டனையும் சமூக விலக்கும் என்று எழுதிப் பலர் கையொப்பமிட்டிருக்கிறார்கள். நான்கு மொழிக்காரர்கள், பல கோத்திரம், பல சூத்திரம். சடங்கின் விவரங்களை அவரவர் வழக்கத்துக்கு விட்டுவிட்டு, ஒன்றை மட்டும் பொதுவாக்கினார்கள். மந்திரம் ஒன்றாக வேண்டும் என்று கல்வெட்டு கேட்கவில்லை. பெண்ணை எடுக்க விலை கூடாது என்றது. பொதுத்தரம் எதைத் தொட வேண்டும், எதைத் தொடக் கூடாது என்ற அளவில் இது நல்ல பாடம். பெண்ணின் கையொப்பம் எதுவும் அதில் இல்லை என்பது இன்னொரு பாடம். பக்கத்தைப் பயன்படுத்துபவரின் கையொப்பம் டபிள்யூ3சி ஆவணங்களிலும் அரிது.

ஒரே உலாவி எஞ்சிவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் தீர்ந்துவிடாதா என்று சிலர் கேட்பதுண்டு. குரோமும், எட்ஜும், ஓப்பெராவும் இன்று குரோமியம் என்ற ஒரே அடிப்படையில் நிற்பதால் அந்த நாள் வெகு தொலைவில் இல்லை. ஆனால் ஓர் உரை மட்டும் மிஞ்சிய நூலில் எது மூலத்தின் சொல், எது உரைகாரரின் கருத்து என்று பிரித்தறிய வழியில்லாமல் போகும். எக்ஸ்புளோரர் ஆறு ஆண்ட காலத்தில் அது நடந்தது: அதன் பிழைகளே விதியாக நின்றன.

சிவசர்மன் வளர்ந்திருப்பான், கையும் எட்டியிருக்கும். லிங்கம் நிமிரவில்லை. உலாவிகளும் ஒருமுறை சாய்ந்ததை நிமிர்த்துவதில்லை. 1990களில் பழைய உலாவிகளின் போக்கை நம்பி எழுதப்பட்ட பக்கங்களுக்காக 'குவர்க்ஸ் மோட்' என்ற தனி நடத்தையை எல்லா முக்கிய உலாவிகளும் இன்னும் சுமக்கின்றன. கோப்பின் முதல் வரியில் ஆவண வகை அறிவிப்பு இல்லாவிட்டால் உலாவி அதற்குள் போய்விடும். எக்ஸ்புளோரர் கொண்டுவந்த 'மார்க்கீ' என்ற குறி எழுத்தைத் திரையில் ஓடவிடும். கோயில் தளங்களிலும் கல்லூரித் தளங்களிலும் 'புதியது' என்ற மின்னும் சொல்லோடு வலமிருந்து இடமாக ஓடிய வரிகள் அதன் வேலைதான். எச்டிஎம்எல் தரம் அதை வழக்கொழிந்த குறிகளின் பட்டியலில் வைத்து, யாரும் எழுதக் கூடாது என்கிறது. அதே தரத்தின் இன்னொரு பகுதி, எழுதிவிட்டால் எந்தத் திசையில், எந்த வேகத்தில், எத்தனை சுற்று ஓட வேண்டும் என்று உலாவிகளுக்கு விரிவாகச் சொல்கிறது. வரி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.